பூத்த செடிக்குத் தொட்டி மாற்றுதல்

பூத்திருக்கும் செடியைப் பெரிய தொட்டிக்கு மாற்றலாமா என்னும் வினா, கள ஊழியர்களிடமும் பள்ளித் தோட்டத்தைக் கவனிக்கும் ஆசிரியர்களிடமும் அடிக்கடி கேட்கப்படுவதாகும். ‘தாராளமாக மாற்றலாம், பழைய மண்ணை உதறிவிட்டு, புது எருவிட்டு நடுக’ என விடையளிப்போர் பலர். ‘தொடவே கூடாது’ என்போர் சிலர். இவ்விரு விடைகளும் செடியின் பெயரைக் கேளாமலே சொல்லப்படுகின்றன என்பது நமது முதற் குறை. செடியைக் கேட்டறிந்த பிறகும், பெரும்பாலான செடிகளின் விஷயத்தில் இரண்டாவது விடையே உண்மைக்கு அருகில் நிற்கிறது என்பது நமது கருத்து. முதல் விடையோ அரசாங்கப் பணத்தையும் மாணவர்களின் உழைப்பையும் ஆண்டுதோறும் வீணாக்கி வருகிறது.

தவறான நம்பிக்கை பிறந்த இடம் கேந்திப் பூச்செடி என்று தோன்றுகிறது. கேந்தியைப் பூவுடன் பிடுங்கி நட்டாலும் இரண்டு நாள் வாடிவிட்டு நிமிர்ந்துவிடும். அதன் வேர்கள் நார்போல் அடர்ந்து மண்ணைக் கவ்விக்கொள்வன. மண்ணிற் புதைந்த தண்டிலிருந்தும் புது வேர்கள் எளிதில் கிளம்பும். செவ்வந்தியும் ஓரளவு இத்தகையதே. மொட்டுவிட்ட செவ்வந்தியை மண்கட்டியுடன் தோண்டியெடுத்துத் தொட்டியில் வைத்துக் காப்பாற்றியவர் பலருண்டு. கேந்தியிடம் கற்ற பாடத்தை வெண்டையிடமும் சூரியகாந்தியிடமும் பிரயோகிக்கும்போதே துன்பம் நேர்கிறது. இவை ஆணிவேரை ஆழமாக இறக்கும் செடிகள். இவற்றை உழவர்கள் நாற்றங்காலில் வளர்த்துப் பிடுங்கி நடாமல் நிலத்திலேயே விதைப்பதற்குக் காரணம் சோம்பல் அன்று.

வேரின் உறிஞ்சும் தொழிலைப் பெரும்பாலும் செய்வன கண்ணுக்குப் புலனாகும் தடித்த வேர்கள் அல்ல. இளவேர்களின் நுனிக்குச் சற்றுப் பின்னே அரும்பும் வேர்த்தூவிகளே. 1937-இல் அமெரிக்கத் தாவர நூலாரான டிட்மர் என்பவர், சிறு பெட்டியொன்றில் நான்கு மாதங்கள் வளர்ந்த ஒரே ஒரு ரைப் பயிரின் வேர்களை அளந்து கணக்கிட்டார். வேர்களின் மொத்த நீளம் சுமார் 620 கிலோமீட்டர்; வேர்த்தூவிகளின் தொகை சுமார் 1,400 கோடி. இத்தூவிகள் ஒவ்வொன்றும் மண்துகள்களோடு ஒட்டிக் கிடப்பன. மண்ணை உதறும் ஒரு கணத்தில் அவற்றிற் பெரும்பகுதி அறுந்துபோகின்றன. அறுந்த தூவி மீண்டும் வளர்வதில்லை. புதிய வேர்நுனி வளர்ந்து புதிய தூவியை விடவேண்டும்.

இளஞ்செடிக்கு இது பெரிய இழப்பன்று. அதன் இலைகள் சிலவே. அவை ஆக்கும் சர்க்கரையில் கணிசமான பங்கு வேருக்கு இறங்கிக்கொண்டிருக்கிறது. பூக்கும் செடியின் நிலை வேறு. இலைகளின் பரப்பு உச்சத்தை எட்டியிருக்கும். ஆகவே நீராவிப்போக்கும் உச்சத்தில் இருக்கும். இலைகள் ஆக்கும் உணவை மொட்டும் மலரும் பிஞ்சும் முந்திக்கொண்டு ஈர்க்கின்றன. பழுதுபார்ப்பதற்கு வேண்டிய பொருள் வேருக்குப் போதிய அளவு வருவதில்லை. தேவை மிகுந்தும் வரவு குறைந்தும் இருக்கும் வேளையில் உறிஞ்சும் கருவியை அறுத்துவிடுகிறோம். செடி உடனே அப்சிசிக் அமிலத்தைச் சுரந்து இலைத்துளைகளை மூடிக்கொள்கிறது. துளை மூடினால் கரியமில வாயு உட்புகுவதும் தடைப்படும், உணவாக்கம் குறையும். வேரிலிருந்து மேலேறும் சைட்டோகைனின் குறைவதால் அடியிலைகள் பழுக்கின்றன. இடருற்ற திசுக்களிற் பிறக்கும் எத்திலீன் மொட்டுகளை உதிர்க்கிறது. தொட்டி மாற்றிய நாலைந்து நாட்களில் மொட்டு உதிர்வதைக் கண்டு ‘மண் ஒத்துக்கொள்ளவில்லை’ என்று கூறுவது வழக்கம். மண்ணின்மேல் பழிபோடுவது எளிது. அது மறுமொழி கூறாது.

இவ்விஷயத்தில் தனியே ஆராயத்தக்கது கஞ்சாச் செடி. இதைப் பற்றிப் பேசுவதற்கு நம் ஊழியர்கள் தயங்குகின்றனர், தயக்கம் வேண்டுவதில்லை. உத்தரகாண்ட், இமாசலப் பிரதேசம், ஜம்மு ஆகிய பகுதிகளின் அடிவாரங்களில் இது சாலையோரக் களையாகவே முளைக்கிறது. குமாயூன் மலைகளில் இதன் விதையைத் துவையலுக்கும் நாரைக் கயிற்றுக்கும் பயன்படுத்தும் வழக்கம் நெடுங்காலமாக உள்ளது. 2018-இல் உத்தரகாண்ட் அரசு, போதைப்பொருள் மிகக் குறைந்த வகைகளை நாருக்காக உரிமம் பெற்றுப் பயிரிட வழிவகுத்தது. ஜம்முவிலுள்ள மத்திய ஆராய்ச்சி நிலையம் மருந்து நோக்குடன் இச்செடியை ஆராய்கிறது. உரிமமின்றி ஒரு செடியை வளர்ப்பதும் 1985-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். பத்தாண்டு வரை கடுங்காவல் விதிக்க அச்சட்டம் இடந்தருகிறது. ஆதலின் இங்குக் கூறுவது உரிமத்துடன் இயங்கும் ஆய்வுக் களங்களில் பணிபுரிவோருக்கே பொருந்தும். பள்ளித் தோட்டத்துக்கு அன்று. இடையில் ஒரு பெயர்க் குழப்பத்தையும் தீர்த்துக்கொள்ள வேண்டும். தமிழில் சணப்பு என்பது பசுந்தாள் உரமாகும் அவரையினச் செடி. சணல் என்பது கோணிப்பை நெய்யும் நாரைத் தருவது. கஞ்சா இவ்விரண்டுக்கும் உறவற்றது. மூன்றையும் ஆங்கிலச் சொல்லொன்றின் வாயிலாக ஒன்றாக்கி மொழிபெயர்த்த சுற்றறிக்கைகள் உண்டு.

கஞ்சா ஓராண்டுச் செடி. இரவு நீளும்போது பூப்பது. பகலிரவு நீளத்துக்கும் பூப்புக்கும் உள்ள தொடர்பை முதன்முதல் சுட்டிக்காட்டிய சோதனைகள் இச்செடியின்மேல் நிகழ்ந்தவை என்பது பலருக்குத் தெரியாது. 1912-இல் பிரெஞ்சுத் தாவர நூலாரான தூர்னுவா, நாட்கணக்கில் ஒளியைக் குறைத்தபோது இது வெகு சீக்கிரம் பூப்பதைக் கண்டார். புகையிலையை வைத்துக் கார்னரும் அல்லார்டும் அக்கொள்கையை நிலைநாட்டியது 1920-இல். பூக்கத் தொடங்கியபின் இச்செடிக்குக் கிடைப்பது ஏழெட்டு வாரங்களே. தொட்டி மாற்றத்தால் பத்து நாட்கள் வளர்ச்சி தடைப்படுமாயின், அந்நாட்களை ஈடுசெய்ய அதற்கு அடுத்த ஆண்டு என்பது இல்லை. செவ்வந்தியோ பல்லாண்டுச் செடி. ஓர் ஆண்டுப் பூவை இழந்தாலும் அடியிலிருந்து கன்றுவிட்டுப் பிழைத்துக்கொள்ளும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. கஞ்சாவில் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. இப்பால் வேற்றுமை கல்லில் எழுதியதன்று. தில்லிப் பல்கலைக்கழகத்தில் எச். ஒய். மோகன்ராமும் அவருடைய மாணவர்களும் 1970 முதல் செய்த ஆராய்ச்சிகள் இதனைத் தெளிவாக்கின. எத்திலீனை வெளியிடும் மருந்தைத் தெளித்தால் ஆண் செடியில் பெண் பூக்கள் தோன்றின. ஜிபரெலின் இட்டால் பெண் செடியில் ஆண் பூக்கள் தோன்றின. எத்திலீனின் வினையைத் தடுக்கும் வெள்ளிச் சேர்மமும் பெண் செடியில் ஆண் பூக்களை உண்டாக்கியது. ஆகவே பூப்பருவத்தில் செடியின் உட்சுரப்புகளைக் கலைக்கும் எந்த இடரும், வேரறுதல் உட்பட, சில வேளைகளில் பெண் செடியில் ஆண் பூவைத் தோற்றுவிக்கக்கூடும். ஆய்வுக் களத்தில் ஒரு செடி இவ்வாறு மகரந்தத்தைத் தூவிவிட்டால், பக்கத்துத் தொட்டிகள் எல்லாம் விதை கட்டத் தொடங்கும். ஒரு பருவத்தின் அளவீடுகள் பயனற்றுப் போகும். தாய்ச்செடிகளை நீண்ட பகல் ஒளியில் பூவாமல் வைத்திருந்து, அந்நிலையிலேயே தொட்டி மாற்றும் வேலையை முடித்துவிடுவது இதற்காகவே.

செவ்வந்திக்கு வருவோம். ‘கண்காட்சித் தோட்டக்காரர்கள் பூத்த செடியைப் பெரிய தொட்டியில் வைக்கிறார்களே’ என்று எதிர்வாதம் செய்வோருண்டு. லக்னௌவிலுள்ள தேசியத் தாவரவியல் ஆராய்ச்சி நிலையம் டிசம்பர் மாதத்தில் நடத்தும் செவ்வந்திக் காட்சி புகழ்பெற்றது. அத்தகைய காட்சிகளில் நிற்கும் செடிகளின் வரலாற்றைக் கேட்டறிந்தால் எதிர்வாதம் கரைந்துவிடும். வடசமவெளியில் பூ முடிந்த பின் சனவரி, பிப்ரவரியில் அடிக்கன்றுகளைப் பிரித்து நான்கங்குலத் தொட்டியில் வைப்பர். கோடைத் தொடக்கத்தில் ஆறங்குலத் தொட்டிக்கு ஏற்றுவர். மழைக்காலத்தில், ஆகஸ்டை ஒட்டி, பத்தங்குலத் தொட்டிக்கு இறுதியாக மாற்றுவர். அதன்பின் இரவு நீண்டு மொட்டு அரும்பும். மொட்டு வரும்போது வேர் தன் இடத்தை நிரப்பிக்கொண்டு அமைதியாயிருக்கிறது. காட்சி நாளன்று நாம் காணும் அழகிய தொட்டி பெரும்பாலும் மேலுறையே. உள்ளே பழைய தொட்டி அசையாமல் இருக்கிறது.

நமது அலுவலகங்களின் வழக்கமோ இதற்கு நேர்மாறானது. நிதியாண்டு மார்ச் 31-ஆம் நாள் முடிகிறது. அழகுச் செடிக்கென ஒதுக்கிய தொகை பிப்ரவரி, மார்ச்சில்தான் விழித்துக்கொள்கிறது. அப்போது நாற்றுப்பண்ணைகளில் கண்ணைப் பறிப்பன முழுப்பூவில் நிற்கும் குளிர்காலச் செடிகளே. அவற்றைப் பிளாஸ்டிக் பைகளில் வாங்கிவந்து, பையைக் கிழித்து, மண்ணை உதறி, புது எருவிட்டுப் பெரிய தொட்டியில் நடுகிறார்கள். வட நாட்டில் அடுத்த மூன்று வாரங்களில் வெயில் ஏறிவிடுகிறது. ஏப்ரலில் தொட்டிகள் வெறுமையாக நிற்கின்றன. பதிவேட்டில் செடிகள் பூத்தபடியே இருக்கின்றன. நீர் ஊற்றிய பிள்ளைகள் தங்கள் கை ராசியில்லை என்று எண்ணிக்கொள்கின்றனர். செலவான பணத்தைவிட இவ்வெண்ணத்தைப் பெரிய நட்டமாக நாம் கருதுகிறோம். செடி தன்னிடம் பிழைக்காது என்று பத்து வயதில் முடிவு செய்தவனை இருபது வயதில் தோட்டத்துக்கு அழைத்து வருவது கடினம். அதே தொகையில் ஒரு பங்கைக் கொண்டு ஜூலையில் வேர்விட்ட துண்டுகளை வாங்கினால், தொட்டி மாற்றுதலை இரண்டு முறை பிள்ளைகளே செய்து பழகலாம். பூவும் டிசம்பரில் வரும்.

பூத்த செடியைத் தொட்டே தீரவேண்டிய சந்தர்ப்பங்கள் இல்லாமலில்லை. தொட்டி உடைந்துபோகலாம், அடித்துளை அடைத்து நீர் தேங்கலாம், வேர் நிரம்பி, காலையில் ஊற்றிய நீர் நில்லாமல் வழிந்து, பிற்பகலில் செடி துவண்டு விழலாம். அப்போதும் மண்ணை உதறுதல் கூடாது. முந்தின நாள் நன்றாக நீர்விட்டு, மறுநாள் மாலையில் தொட்டியைக் கவிழ்த்து விளிம்பைத் தட்டினால் மண்கட்டி முழுதாக நழுவி வரும். அதைச் சுற்றிலும் ஓரங்குலம் இடைவெளியுள்ள தொட்டியில், முன்பிருந்த மட்டத்திலேயே, ஏறக்குறைய அதே கலவை கொண்டு வைக்கவேண்டும். மிகப் பெரிய தொட்டி தீங்கானது. வேர் எட்டாத மண்ணில் நீர் வற்றாது, காற்று புகாது, வேர் அழுகும். நாலைந்து நாட்கள் நிழல் போதும். அந்நாட்களில் உரம் இடுதல் ஆகாது. அறுந்த வேரின்மேல் உப்புக் கரைசல் ஏறினால் நீர் உறிஞ்சுதல் மேலும் தடைப்படும். வேர் நிரம்பியது மட்டுமே குறையாயின், மேல்மண்ணை அரையங்குலம் மெல்லச் சுரண்டியெடுத்து மக்கிய இலையுரம் பரப்பி, ஒருவேளை நீருக்குப் பதில் இருவேளை நீர் விட்டாலே பூக்காலம் கடந்துவிடும். செவ்வந்தியாயின் நிழலுக்கென்று தாழ்வாரத்து விளக்கடியில் வைத்துவிடலாகாது. குறும்பகல் செடிக்கு இரவின் இடையறாத இருட்டே மொட்டைத் தருவது. இரவெல்லாம் எரியும் விளக்கு, வேருக்கு நேர்ந்த தீங்கைக் காட்டிலும் மிகுதியாக அரும்பு மொட்டுகளைக் கெடுக்கும்.

ஆசிரியர்கள் இதனை நம் சொல்லுக்காக ஒப்புக்கொள்ள வேண்டுவதில்லை. ஜூலைத் தொடக்கத்தில் ஒரே அளவுள்ள தகரக் குவளைகளின் அடியில் துளையிட்டு, ஆறில் வெண்டையும் ஆறில் கேந்தியும் விதைக்கச் செய்க. ஒவ்வொன்றிலும் ஒரு செடியே நிற்கட்டும். வெண்டை சுமார் ஆறு வாரங்களில் பூக்கத் தொடங்கும்; கேந்தி சற்றுப் பிந்தலாம். ஒவ்வோர் இனத்திலும் முதற் பூ விரிந்ததும், இரண்டை மண் உதறிப் பெரிய தொட்டிக்கு மாற்றுக. இரண்டை மண்கட்டியுடன் மாற்றுக. இரண்டைத் தொடாமல் விடுக. பிற்பகல் இரண்டு மணிக்கு எந்தச் செடி துவண்டிருக்கிறது, எத்தனை மொட்டு உதிர்ந்தது, எத்தனை பூ அல்லது காய் நின்றது என்பதை மூன்று வாரம் மாணவர்களே எழுதட்டும். வெண்டையின் கணக்கையும் கேந்தியின் கணக்கையும் தனித்தனித் தாளில் எழுதச் செய்வது நலம். ஒன்றாகக் கூட்டிச் சராசரி எடுத்தால், பார்க்கவேண்டிய வேற்றுமை அதற்குள் மறைந்துவிடும்.