நாய்ச் சாப்பாட்டுப் பெட்டியை வாசிப்பது எப்படி?



எங்கள் சாப்பாட்டுச் சாமான்களின் லேபலைப் பற்றி இந்தப் பக்கத்தில் எழுதி வந்த நான் இம்முறை நாய்ச் சாப்பாட்டைப் பற்றி எழுதுகிறேன். சிரிக்க வேண்டாம். இந்நாட்டுக்கு வந்து ஒரு வீடு கிடைத்து, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும் அவர்கள் கேட்கிற பொருட்களில் நாய்க்குட்டியும் ஒன்று. வீட்டுச் சொந்தக்காரரோ கவுன்சிலோ சம்மதித்து, நாய் வந்தும் விட்டால் அடுத்த கேள்வி அதற்கு என்ன கொடுப்பது என்பதுதான்.

ஊரில் இதற்கென்று யாரும் காசு செலவழித்ததில்லை. மிஞ்சிய சோறு, மீன் தலை, கொஞ்சம் சொதி. அதைத் தின்றுவிட்டு நாய் முற்றத்தில் படுத்துக் காவல் காத்தது. இங்கே சட்டம் வேறு. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நடைமுறையில் உள்ள 2006ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டத்தின்படி, வளர்க்கும் பிராணிக்குப் பொருத்தமான உணவு கொடுப்பது வளர்ப்பவரின் கடமை. அதைச் செய்யத் தவறுவது குற்றம். ஆகவே இது பிள்ளையின் விளையாட்டு மட்டுமல்ல, உங்கள் பொறுப்பும் கூட.

நாய்க்கென்று தொழிற்சாலையில் செய்த உணவு தொடங்கியதே எங்கள் இலண்டனில்தான். 1860களில் ஜேம்ஸ் ஸ்பிராற் என்ற அமெரிக்கர் இங்கே நாய் பிஸ்கற் செய்து விற்றார். துறைமுகத்தில் நாய்கள் கப்பல் பிஸ்கற்றைத் தின்பதைப் பார்த்து அவருக்கு இந்த யோசனை வந்தது என்று சொல்வார்கள். பொப்லரில் லைம்ஹவுஸ் கற் கால்வாய்க் கரையில் இருந்த ஸ்பிராற்ஸ் தொழிற்சாலைக் கட்டிடத்தில் இன்று மனிதர்கள் குடியிருக்கிறார்கள்.

உலர்த்திய உணவு என்றால் என்ன?

இப்போது கடைகளில் ரின், பிஸ்கற் ஆகியவற்றோடு மூன்றாவதாக ஒரு வகை நிற்கிறது. நீர் அகற்றிய உணவு. பெட்டிக்குள் தூளாகவோ சிறு துண்டுகளாகவோ இருக்கும். வெந்நீர் விட்டு ஊறவைத்துக் கொடுக்க வேண்டும். எங்களுக்கு இது புதுமை அல்ல. மீனைக் கருவாடாக்குவதும், பனங்கிழங்கை அவித்துக் காயவைத்துப் புழுக்கொடியல் ஆக்குவதும் இதே வேலைதான். நீர் போனால் கிருமி பெருகாது, சாமான் கெடாது, நிறை குறையும்.

ஆனால் கிருமி பெருகாது என்பதும் கிருமி இல்லை என்பதும் ஒன்றல்ல. குறைந்த சூட்டில் உலர்த்திய பச்சை இறைச்சியில் சல்மொனெல்லா போன்ற கிருமி உயிரோடு இருக்கலாம். தண்ணீர் விட்டதும் அது மறுபடி பெருகத் தொடங்கும். ஊறவைத்ததை வெளியே மணிக்கணக்காக வைக்காதீர்கள். நாயின் கோப்பையும் கரண்டியும் தனியாக இருக்கட்டும். கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். தவழும் குழந்தை உள்ள வீட்டில் இது மிக முக்கியம்.

முதலில் பார்க்க வேண்டிய ஒரு சொல்

பெட்டியின் முன்பக்கப் படத்தைப் பார்க்க வேண்டாம். பின்பக்கத்தில் ‘கொம்பிளீற்’ என்று இருக்கிறதா, ‘கொம்பிளிமென்ரறி’ என்று இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டில் ஒன்றை எழுத வேண்டும் என்பது சட்டம். முதலாவது முழு உணவு. வேறொன்றும் சேர்க்காமல் நாளாந்தம் கொடுக்கலாம். இரண்டாவது துணை உணவு. அதை மட்டும் கொடுத்தால் போதாது.

உலர்த்திய உணவில் இந்தக் கவனம் கூடுதலாக வேண்டும். சில பெட்டிகளில் மரக்கறியும் தானியமும் மட்டுமே இருக்கும், இறைச்சியை நீங்கள் சேர்க்க வேண்டும். ஒரு சொல் வித்தியாசத்தைக் கவனிக்காமல் குட்டிக்கு அதையே மாதக் கணக்கில் கொடுத்தால் அதன் எலும்பு கெட்டுவிடும். குட்டிக்கா, வளர்ந்த நாய்க்கா என்பதும் அதே இடத்தில் எழுதியிருக்கும்.

சேர்மானப் பட்டியல்

சேர்மானங்கள் நிறையின் வரிசையில் இருக்கும். அதிகமானது முதலில் வரும். இங்கே ஒரு சூட்சுமம் உண்டு. பச்சைக் கோழி இறைச்சியில் பத்தில் ஏழு பங்கு நீர். ‘பச்சைக் கோழி 30 வீதம்’ என்றால், 30 கிலோவில் 21 கிலோ உலரும்போது ஆவியாகிவிடும். மிஞ்சுவது 9 கிலோ. ‘உலர்ந்த கோழி 30 வீதம்’ என்றால் 30 கிலோவும் ஏறக்குறையக் கோழிதான். எண் ஒன்று, சரக்கு வேறு.

‘சிக்கன் ஃபிளேவர்’ என்றால் கோழி 4 வீதத்துக்கும் குறைவு. ‘வித் சிக்கன்’ என்றால் குறைந்தது 4 வீதம். ‘றிச் இன் சிக்கன்’ என்றால் குறைந்தது 14 வீதம். ஐரோப்பிய நாய் உணவுத் தொழிலின் நடைமுறை விதி இது. படத்தில் முழுக் கோழி நிற்கும், உள்ளே நூற்றுக்கு நாலு.

‘மீற் அன்ட் அனிமல் டெரிவேற்றிவ்ஸ்’ என்ற சொல்லையும் காண்பீர்கள். இறைச்சியும் ஈரல், நுரையீரல் போன்ற மற்றப் பாகங்களும் என்று பொருள். மனிதர் உண்ணத் தகுந்தவை என்று பரிசோதனையில் தேறிய மிருகங்களில் இருந்தே அவை வரவேண்டும், ஆகவே பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் எந்த மிருகம் என்று அந்தச் சொல்லில் தெரியாது. மாடாகவும் இருக்கலாம், பன்றியாகவும் இருக்கலாம். மாட்டிறைச்சியை வீட்டுக்குள் எடுக்காத சைவக் குடும்பங்களும், பன்றியை விலக்கும் முஸ்லிம் குடும்பங்களும் எங்களிடையே உண்டு. லேபலில் இலவசத் தொலைபேசி எண்ணோ வேறு தொடர்பு வழியோ கட்டாயம் இருக்க வேண்டும். கூப்பிட்டுக் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

இறைச்சியே வேண்டாம் என்பவர்களுக்கு ஒரு சொல். நாயால் மாப்பொருளைச் செமிக்க முடியும். ஓநாயை விட நாயிடம் மாப்பொருளைச் செமிக்கும் மரபணுப் பிரதிகள் அதிகம் என்று 2013இல் சுவீடன் ஆய்வாளர்கள் காட்டினார்கள். மரக்கறியால் செய்த முழு உணவும் கடையில் உண்டு. மிருக வைத்தியரைக் கேட்டு அதைக் கொடுக்கலாம். பூனைக்கு அப்படிச் செய்யாதீர்கள், அதன் உடம்பு வேறு.

தானியம் இல்லாதது சிறந்தது என்றும் விளம்பரம் வரும். அதில் தானியத்துக்குப் பதிலாகக் கடலை, பருப்பு, கிழங்கு சேர்ப்பார்கள். அப்படியான உணவுக்கும் நாயின் இதய நோய்க்கும் தொடர்பு உண்டா என்று 2018இல் அமெரிக்க அரசின் உணவு மருந்து நிர்வாகம் ஆராயத் தொடங்கியது. தொடர்பு நிரூபிக்கப்படவில்லை. ஆனாலும் அந்தச் சொல்லுக்காகக் கூடக் காசு கொடுக்கத் தேவையில்லை.

எண்களை ஒப்பிடுவது

புரதம், கொழுப்பு, நார், சாம்பல் என்று வீதங்கள் இருக்கும். சாம்பல் என்றால் அடுப்புச் சாம்பல் கொட்டியதல்ல. எரித்தால் மிஞ்சுகிற கல்சியம் முதலிய கனியங்கள்.

ரின்னில் புரதம் 9 வீதம், உலர்த்திய பெட்டியில் 26 வீதம் என்று வைப்போம். பெட்டிதான் சத்து என்று தோன்றும். ஆனால் ரின்னில் 80 வீதம் நீர். மிஞ்சிய 20இல் 9 புரதம், அதாவது 45 வீதம். பெட்டியில் நீர் 7 வீதம். மிஞ்சிய 93இல் 26 என்றால் 28 வீதம். நீரைக் கழித்துவிட்டுத்தான் ஒப்பிட வேண்டும். வளர்ந்த நாய்க்குக் குறைந்தது 18 வீதம், குட்டிக்கு 22.5 வீதம் என்பது நீர் கழித்த அமெரிக்க அளவு. இரண்டுமே தேறிவிட்டன.

மாப்பொருள் எவ்வளவு என்று எழுதமாட்டார்கள். நீங்களே காணலாம். புரதம் 26, கொழுப்பு 14, நார் 4, சாம்பல் 7, நீர் 7. கூட்டினால் 58. நூறில் கழித்தால் 42. ஏறக்குறைய அதுதான் மாப்பொருள்.

புரத எண்ணை மட்டும் நம்பவும் கூடாது. பரிசோதனையில் அளப்பது புரதத்தை அல்ல, நைதரசனை. அதை 6.25ஆல் பெருக்கிப் புரதம் என்று எழுதுவார்கள். இதைத் தெரிந்துகொண்ட சிலர் சீனாவில் கோதுமைப் புரத மாவில் மெலமைன் என்ற இரசாயனத்தைக் கலந்தார்கள். அதில் மூன்றில் இரண்டு பங்கு நைதரசன். 2007இல் வட அமெரிக்காவில் நாய்களும் பூனைகளும் சிறுநீரகம் கெட்டுச் செத்தன. மெனு ஃபூட்ஸ் என்ற கனேடியக் கம்பனி 6 கோடி ரின்னையும் பைகளையும் திருப்பி எடுத்தது. அடுத்த வருடம் அதே மெலமைன் சீனாவில் குழந்தைப் பால்மாவில் அகப்பட்டது. ஆறு குழந்தைகள் இறந்தன, ஏறக்குறைய மூன்று இலட்சம் பேர் நோயுற்றனர். நாயின் கோப்பையில் நடந்ததை அலட்சியம் செய்தால் அது பிள்ளையின் கோப்பைக்கும் வரும்.

காசுக் கணக்கு

‘ஒரு கிலோ பெட்டி நாலு கிலோ உணவாகும்’ என்று எழுதியிருந்தால் மயங்க வேண்டாம். மற்ற மூன்று கிலோவும் உங்கள் வீட்டுத் தண்ணீர். நாளொன்றுக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும் என்ற அட்டவணையைப் பார்த்து, நாட் செலவைக் காணுங்கள். கணக்குக்காக நான் வைத்த விலைகளில், பத்துக் கிலோ நாய்க்கு:

உலர்த்தியது: கிலோ 18 பவுண், நாளுக்கு 150 கிராம். நாளுக்கு 2.70 பவுண், மாதம் 81 பவுண்.
ரின்: ஒன்று 90 பென்ஸ், நாளுக்கு ஒன்றரை. நாளுக்கு 1.35 பவுண், மாதம் 40.50 பவுண்.
பிஸ்கற்: கிலோ 4 பவுண், நாளுக்கு 170 கிராம். நாளுக்கு 68 பென்ஸ், மாதம் 20.40 பவுண்.

மூன்றும் முழு உணவாக இருந்தால் மூன்றிலும் நாய் வாழும். உலர்த்தியது பாரம் குறைவு, வைக்க இடம் வேண்டாம். அந்த வசதிக்கு மாதம் 60 பவுண் கூடக் கொடுப்பதா என்பதைக் குடும்பம்தான் தீர்மானிக்க வேண்டும். பிஸ்கற் கொடுத்தால் நாயில் அன்பு குறைவு என்று யாரும் நினைக்கத் தேவையில்லை. மிஞ்சிய 60 பவுணை வைத்தியச் செலவுக்கு ஒதுக்கிவையுங்கள். அரச உதவிப் பணம் பெறுகிறவர்களுக்கு பி.டி.எஸ்.ஏ என்ற தர்ம ஸ்தாபனம் இலவசமாகவோ குறைந்த செலவிலோ வைத்தியம் செய்கிறது. 1917இல் இலண்டன் வைற்சப்பலில் தொடங்கியது. உங்கள் தபாற் குறியீட்டுக்கு அது உண்டா என்று விசாரியுங்கள்.

எங்கள் சட்டியில் இருந்து

கடைசியாக, ஊர்ப் பழக்கத்தில் கறி கொடுப்பவர்களுக்கு. வெங்காயமும் உள்ளியும் நாயின் இரத்தத்தைக் கெடுக்கும். எங்கள் கறியில் இரண்டும் இல்லாத நாள் ஏது? முந்திரிகைப் பழமும் அதன் வற்றலும் சிறுநீரகத்துக்குக் கூடாது. சொக்லேற் நஞ்சு. சீனியில்லாத சுவிங்கத்தில் உள்ள சைலிற்றோல் மிகக் கொடிது. அவித்த எலும்பு உடைந்து குடலைக் குத்தும். வெறும் சோறும் உப்பில்லாமல் அவித்த கோழியும் ஒருநாள் இருநாள் கொடுக்கலாம். அதையே நாளாந்த உணவாக்கினால் கல்சியம் போதாது.

பெட்டியில் உள்ள எழுத்து மிகச் சிறியது, ஆங்கிலமும் கடினம். பிள்ளையைப் பக்கத்தில் இருத்தி வாசிக்கச் சொல்லுங்கள், கணக்கை நீங்கள் சொல்லிக்கொடுங்கள். நாய் கேட்ட பிள்ளை நூறில் 58ஐக் கழிக்கட்டும்.