வீடு புகுந்த ஆமை

‘ஆமை புகுந்த வீடு உருப்படாது’ என்பது நம்மிடையே நெடுநாளாக வழங்கிவரும் பழமொழி. அந்த ஏழை உயிர் வீட்டுக்கு என்ன தீங்கு செய்தது என்று கேட்டால் விடை சொல்வார் இல்லை. பழமொழியிற் சொல்லப்பட்டது ஆமை அன்று, ஆம்பியே என்று உரை கூறுவாரும் உளர். ஈரம் ஊறிய சுவரிலும் தூணிலும் ஆம்பி, அதாவது காளான், பூக்கும். காளான் பூத்த வீடு நிலைக்காது. ஆம்பி என்ற சொல்லே நாளடைவில் ஆமை என்று திரிந்தது என்பது அவர்கள் கொள்கை. அவ்வுரை சரியோ பிழையோ, ஆண்டிற் பாதி நாளும் சுவர் வியர்க்கும் மலைநாட்டில் வாழும் நமக்கு அதன் பொருள் எளிதில் விளங்கும். ஆனால், வீட்டின் கதியைப் பற்றி இத்துணை கவலைப்பட்ட நாம், வீடு புகுந்த ஆமையின் கதி யாது என்று ஒருநாளேனும் எண்ணினோமா? நுவரெலியாவிலும் ஹட்டனிலும் இன்று கேட்க வேண்டிய கேள்வி அதுவே.

வீட்டுக்குள் ஆமை வளர்ப்பது மேலை நாடுகளிற் பரவிய பொழுதுபோக்கு. மரப்பெட்டியும் வெப்ப விளக்கும் நீர்த்தட்டுமாக அழகுற அமைத்த அடைப்புகளின் படங்கள் கைபேசி வழியே நம் தோட்டத்துப் பிள்ளைகளின் கண்ணுக்கும் எட்டுகின்றன. ‘நாமும் ஒன்று அமைத்தால் என்ன?’ என்று மாணவர் கேட்பது இயல்பு. உயிர்களிடத்து எழும் அந்த ஆவலை இகழ்வது முறையன்று. ஆயினும், பெட்டியின் நீள அகலத்தைக் கேட்பதற்கு முன், அதனுள் வைக்கப்படும் உயிர் எந்த நிலத்துக்கு உரியது என்பதைக் கேட்க வேண்டும்.

இலங்கையில் இயல்பாகத் தரையில் வாழும் ஆமையினம் ஒன்றே. அது நட்சத்திர ஆமை. சிங்கள மக்கள் தாரகா இப்பா என்பர். கரிய ஓட்டின் மேல் மஞ்சட் கோடுகள் விண்மீனின் கதிர்போல் விரிவதால் அப்பெயர் பெற்றது. பார்ப்பவர் கண்ணைக் கவரும் அக்கோடுகள், உலர்ந்த புல்லும் நிழலும் கலந்த தரையில் அதனைப் பிறர் கண்ணுக்குப் புலப்படாமல் மறைப்பன. அதன் தாயகம் உலர்வலயம்; வெயிலும் புதரும் மணலும் நிறைந்த தாழ்நிலம். இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் அது அத்தகைய வறண்ட நிலங்களிலேயே வாழ்கின்றது. மன்னார்க் கரையில் இறங்கி மாத்தளை வரை கால்நடையாக நடந்து வந்த நம் முன்னோர், எத்தனையோ பேரை வழியிற் பறிகொடுத்தது அந்த உலர்வலயக் காட்டின் ஊடாகத்தான். அந்நிலத்து வெம்மை நமக்குக் கொடுமையாயிற்று. ஆமைக்கோ அதுவே உயிர்.

நுவரெலியா கடல் மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 1,870 மீற்றர் உயரத்தில் உள்ளது. அதன் சராசரி வெப்பம் 16 பாகை செல்சியசு அளவினது. தை, மாசி இரவுகளிற் புல்லின் மேல் உறைபனி படிவதும் உண்டு. நட்சத்திர ஆமைக்கு வெயில் காயும் இடத்தில் 32 முதல் 35 பாகை வரை வெப்பம் வேண்டும். இரவிலும் 20 பாகைக்குக் கீழே இறங்குதல் நன்றன்று. தன் உடலிலே சூடு உண்டாக்கிக்கொள்ள இயலாத பிராணி அது. குளிர்ந்தால் அதன் குடல் உண்டதைச் செரிக்காது. குளிரோடு ஈரமும் சேர்ந்தால் நுரையீரலிற் சளி கட்டும். மனிதரைப்போல் இருமி அதனை வெளியேற்றவும் ஆமையால் இயலாது. இருமலுக்கு வேண்டிய உதரவிதானம் அதற்கு இல்லை. மூக்கு ஒழுகும், வாயைத் திறந்து மூச்சுவிடும், பின்பு ஓசையின்றி மடியும். ‘அமைதியாக இருக்கிறது’ என்று வீட்டார் மகிழ்ந்திருந்த நாட்கள், அது நோயில் வாடிய நாட்களாக இருந்திருக்கும்.

இவற்றையெல்லாம் ஈடுசெய்து அடைப்பு ஒன்று அமைப்பதாகவே கொள்வோம். வளர்ந்த ஆமை ஒன்றுக்கு எட்டடி நீளமும் நாலடி அகலமுமாவது வேண்டும் என்பர் பழகியவர். கண்ணாடித் தொட்டி உதவாது. சுவர் இருப்பதை அறியாமல் ஆமை நாள் முழுதும் அதனை முட்டிக்கொண்டே இருக்கும். ஒரு முனை வெப்பமாகவும் மறு முனை குளிர்ச்சியாகவும் இருத்தல் வேண்டும். பதுங்க ஒரு மறைவிடமும், ஏறி இறங்கத்தக்க ஆழமற்ற நீர்த்தட்டும் வேண்டும். உணவு புல்லும் இலையும் பூவும். சோறும் இறைச்சியும் ஆகா. கணவாய் ஓடு வைத்தாற் கல்சியம் கிடைக்கும். ஆனால், அந்தக் கல்சியம் உடலிற் சேர்வதற்கு விற்றமின் டி வேண்டும். அதற்குச் சூரியனின் கழியூதாக் கதிர் தோலிற் பட வேண்டும். சன்னற் கண்ணாடி வெளிச்சத்தை விடும். அந்தக் கதிரை விடாது. ஆகவே தனி விளக்கு வேண்டும்; அதுவும் எரிந்துகொண்டிருக்கும்போதே ஆற்றல் குன்றும் இயல்பினதாதலின் குறித்த காலத்தில் மாற்ற வேண்டும். அன்றேல் ஓடு மென்மையாகி, கால்கள் வளைந்து, ஆமை முடமாகும்.

இனிக் கணக்குப் பார்ப்போம். லயத்துக் காம்பரா பத்தடிக்குப் பன்னிரண்டடி. நூற்றிருபது சதுர அடி. ஆமையின் அடைப்பு முப்பத்திரண்டு சதுர அடி. ஒரு குடும்பம் உண்டு உறங்கும் இடத்திற் கால் பங்குக்கும் மேலாக அதற்கே போய்விடும். அதன் மேல் இரவும் பகலும் மின்சாரம் எரிய வேண்டும். காய்ந்த புல் பரப்பிய மரப்பெட்டிக்கு மேலே சூடான விளக்கு தொங்க வேண்டும். ஓரிடத்திற் பற்றிய தீ ஒரு வரிசை லயத்தையே சாம்பலாக்கிய செய்திகள் மலையகத்துக்குப் புதியன அல்ல. இடத்தைச் சுருக்கினால் ஆமை சாகும். சுருக்காவிட்டால் வீட்டார் நெருக்குண்பர்.

‘பிள்ளைகளுக்கு உயிரினங்களிடத்து அன்பும் அறிவும் வளர வேண்டாமா?’ என்று ஆசிரியர் சிலர் வினவலாம். வினா நியாயமானதே. கில்பர்ட் வைற் என்ற ஆங்கிலப் பாதிரியார், 1780ஆம் ஆண்டு தம் அத்தையிடமிருந்து வந்த ஆமை ஒன்றைத் தம் தோட்டத்தில் உலவவிட்டு நோக்கி எழுதிய குறிப்புகள் இன்றும் படிக்கப்படுகின்றன. ஆனால் அது பனிக்காலத்தை மண்ணுள் உறங்கிக் கழிக்கவல்ல இனம். நட்சத்திர ஆமைக்கு அந்த வல்லமை இல்லை. மேலும், தீமொத்தி என்று ஆண்பெயர் இட்டு அவர் பதின்மூன்று ஆண்டுகள் வைத்திருந்த அந்த ஆமை பெண் என்பது, பின்னாளில் அதன் ஓட்டை ஆராய்ந்தபோதுதான் தெரிந்தது. ஊன்றி நோக்கிய அறிஞருக்கே இத்துணை மறைத்த உயிர், பெட்டிக்குள் அடைபட்டு நம் பிள்ளைக்கு எதனைக் கற்பிக்கும்? ஓட்டிலே துளையிட்டுக் கயிறு கட்டும் வழக்கத்தையும் இங்கே நினைக்க வேண்டும். ஓடு ஆமையின் சட்டை அன்று. முதுகெலும்பும் விலாவும் ஒன்றிய உடம்பு. துளைத்தால் நோகும்.

சட்டமும் இங்கே தெளிவானது. 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க விலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் இவ்வாமைக்குக் காப்பளிக்கிறது. 2019இல் ஜெனீவாவிற் கூடிய அனைத்துலக மாநாடு, இலங்கையும் இந்தியாவும் சேர்ந்து முன்மொழிந்தவாறு, அதன் வெளிநாட்டு வாணிபத்தைத் தடைசெய்தது. அப்படியிருந்தும் பயணப் பெட்டிகளில் அடைத்த நட்சத்திர ஆமைகள் சென்னை விமான நிலையத்திற் பலமுறை பிடிபட்டுள்ளன. வாங்குவார் இருப்பதாலன்றோ பிடிப்பாரும் இருக்கின்றனர்?

காட்டிலிருந்து வந்த ஆமை ஒன்று ஏற்கனவே வீட்டில் இருக்குமாயின் அதனைத் தேயிலை மலையில் விட்டுவிடுவது இரக்கம் ஆகாது. குளிரே அதனைக் கொல்லும். வனசீவராசிகள் திணைக்களத்தாரிடம் ஒப்படைப்பதே வழி. சட்டத்துக்கு உட்பட்டு வந்த வேற்றினத்து ஆமை என்றால், மேலே சொன்னவற்றில் ஒன்றும் குறையாமல் அதற்கேற்பச் செய்யத் துணிந்தவரே வைத்திருக்கட்டும். பள்ளிப் பிள்ளைகளுக்கோ கூண்டில்லாத பாடம் அருகிலேயே இருக்கிறது. மூக்கின் மேற் கொம்புடைய ஓணான், இலங்கையின் மத்திய மலைகளையன்றி உலகில் வேறெங்கும் இல்லாதது; மரத்தில் அது அசையாதிருப்பதைக் காட்டி, தொடாமல் நோக்கி, நாள்தோறும் குறித்துவரச் சொல்லலாம்.

லயத்துக் காம்பராவின் நீள அகலத்தைக் குறித்தவர் அதில் வாழப்போகிறவர் அல்லர். கூலியாட்களின் தலையை எண்ணியவர் குறித்த அளவு அது. அதனுள்ளே தலைமுறை தலைமுறையாக நெருக்குண்ட மக்கள், தனிவீடும் சொந்த நிலமும் வேண்டும் என்று இன்றும் கேட்டு நிற்கிறோம். வாழ்கிறவனைக் கேளாமல் அளந்த இடம் வீடாகாது என்பதை நமக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. அந்த அறிவை வாய்பேசா உயிருக்கும் வழங்குவோம். ஆமையின் வீடு உலர்வலயத்துப் புதர் நிலம். அந்நிலம் அழியாமலும் அதிலிருந்து ஆமை பிடிபடாமலும் காப்பதே நாம் அதற்கு அமைத்துக் கொடுக்கத்தக்க அடைப்பு.