சுவரும் சித்திரமும்

பிள்ளை வரைந்து வந்த படத்தைக் கையில் வாங்கியதும் நம்மவர் வாயிலிருந்து பெரும்பாலும் இரண்டு விடைகளுள் ஒன்றே வெளிவரும். ‘மிக நன்று’ என்பது ஒன்று. ‘இது மனிதனா, குரங்கா?’ என்பது மற்றது. முன்னதைக் கேட்ட பிள்ளை புதிதாக எதையும் கற்பதில்லை. பின்னதைக் கேட்ட பிள்ளை பென்சிலைக் கீழே வைக்கக் கற்றுக்கொள்கிறது. நேர்மையும் அன்பும் கலந்த நடுவழி ஒன்று உண்டு. ஆயினும், உள்ள பிழையையே சுட்டினாலும் அவ்வழி தவறிப்போகலாம் என்பதற்கு ஓவிய வரலாற்றிலே சான்று இருக்கிறது.

ஒல்லாந்து நாட்டு ஓவியர்களான வின்சென்ற் வான் கோவும் அந்தோன் வான் ராப்பார்டும் 1880 ஆம் ஆண்டு பிரசல்ஸ் நகரிலே நண்பரானவர்கள். ராப்பார்ட் கலைக்கழகங்களிலே முறையாகப் பயின்றவர். வின்சென்ற் பெரும்பாலும் தாமாகவே கற்றவர். 1885 இல், விளக்கொளியில் உருளைக்கிழங்கு உண்ணும் உழவர் குடும்பம் ஒன்றை வரைந்து, அதன் கல்லச்சுப் பிரதியை வின்சென்ற் நண்பருக்கு அனுப்பினார். கை குட்டை, மூக்குக் குறை, ஓர் உருவத்திற்கு முழங்காலும் வயிறும் இல்லை என்றெல்லாம் ராப்பார்ட் கடுமையாக எழுதிவிட்டார். வின்சென்ற் அக்கடிதத்தைத் திருப்பி அனுப்பினார். ஐந்தாண்டு நட்பு அவ்வாண்டோடு முறிந்தது.

ராப்பார்ட் சுட்டிய பிழைகள் பொய்யல்ல. எனினும், நண்பர் எதனைக் காட்ட விரும்பினார் என்பதை அவர் எண்ணிப் பார்க்கவில்லை. நிலத்தைக் கொத்திய அதே கைகளால்தான் அவ்வுழவர் உண்கிறார்கள் என்பதையே வின்சென்ற் காட்ட முயன்றார். நோக்கத்தை அறியாது அளவுகோலை எடுத்தால் கேலிச்சித்திரம் எதுவுமே தேறாது. ‘சிரித்திரன்’ ஆசிரியர் சுந்தர் படைத்த சவாரித் தம்பரை உடற்கூற்று நூலை வைத்து அளந்து பார்ப்பார் உண்டோ?

இனி நம் கரைக்கு வருவோம். கல்முனைக் கடற்கரையிலே கரைவலை இழுக்கும் ஒருவரை மாணவன் ஒருவன் வரைந்து வருகிறான் என்று கொள்வோம். சாரத்தின் மடிப்பு, தொப்பி, தாடி எல்லாம் நுணுக்கமாக உள்ளன. ஆளோ தூண்போல் நிமிர்ந்து நிற்கிறார். கண்கள் நெற்றிக்கு ஏறிவிட்டன. ஒரு கை முதுகுக்குப் பின்னே மறைந்துவிட்டது. கை வரைவது கடினம். ஆகவே மறைத்துவிடுவது தொடங்குவோரின் வழக்கம்.

‘தம்பி, இவரைப் பற்றி எதைச் சொல்ல விரும்புகிறாய்?’ என்று முதலிற் கேட்க வேண்டும். ‘வலையின் பாரத்தை, சேர்’ என்பான். அப்பாரம் தெரியாதபடி தடுக்கும் ஒரு பிழையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பாரம் இழுப்பவரின் உடல் பின்னே சாயும். குதிகால் மணலிற் புதையும். ‘ஆள் சரியில்லை’ என்றால் அவன் செய்யக்கூடியது எதுவுமில்லை. ‘நாளைக் காலை கரைக்குப் போய், இழுப்பவர்களின் கால்களை மட்டும் ஐந்து முறை வரைந்து வா’ என்றால் அவனுக்கு வேலை கிடைக்கிறது. சாரத்தின் மடிப்பைப் பாராட்டுவதும் வெறும் ஆறுதலுக்காக அன்று. அதே கூர்ந்த பார்வையைக் காலுக்கும் கொடு என்று காட்டுவதற்காகவே.

கண்களின் இடம் அடுத்த கிழமைக்கு இருக்கட்டும். உச்சந்தலைக்கும் நாடிக்கும் ஏறத்தாழ நடுவிலே கண்கள் அமைகின்றன என்பதையும், வளர்ந்தவரின் உயரம் அவர் தலையைப்போல் ஏழு அல்லது ஏழரை மடங்கு என்பதையும் அப்பொழுது அளந்து காட்டலாம். மறைந்த கை அதற்கும் பிறகு. மருதமுனைத் தறியிலே ஓர் இழை அறுந்தால் நெசவாளர் பாவையே அறுத்தெறிவதில்லை. அந்த இழையைத் தேடி முடிந்துவிட்டு மேலே நெய்கிறார். மற்றொன்றும் உண்டு. அவன் தாளின்மேல் நம் பென்சிலை ஓட்டலாகாது. வேறு தாளிலே வரைந்து காட்டலாம், அப்படம் அவனுடையது.

சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும் என்பார்கள். இளம் ஓவியனின் ஊக்கமே அச்சுவர். கடிதத்தைத் திருப்பி அனுப்பிய வின்சென்ற் வரைவதை நிறுத்தவில்லை. அத்தகைய உறுதியைப் பதினான்கு வயதுப் பிள்ளையிடம் எதிர்பார்க்கலாகாது. ஆகவே, பெற்றோரே, ஆசிரியர்களே, பிழையை மறைக்காமற் சொல்லுங்கள். ஆனால், மறுநாளும் அவன் பென்சிலை எடுக்கும்படி சொல்லுங்கள்.