எல்லாம் வாயுதான்

கிள்ளானில் இருக்கும் என் அக்காவுக்கு விடியற்காலைத் தும்மல்தான் அலாரம். 5.30 மணிக்கு ஆரம்பித்தால் ஒன்பது, பத்து, மழைநாளில் பதினான்குகூடப் போகும். முப்பது வருடமாக மூக்கில் அலர்ஜி. நம் ஊர்ப் புழுக்கத்தில் மெத்தையிலும் தலையணையிலும் குடியிருக்கும் கண்ணுக்குத் தெரியாத தூசிப்பூச்சிதான் அவளுக்கு முதல் எதிரி. கைப்பையில் கோடாலித் தைலம், மூக்குக்கு ஸ்ப்ரே, கிளினிக்கில் தரும் சின்ன மஞ்சள் மாத்திரை, இந்த மூன்றும் இல்லாமல் வாசல் தாண்ட மாட்டாள். 2005 ஆகஸ்டில் புகைமூட்டம் முற்றி, கிள்ளான் துறைமுகத்தில் அவசரநிலை அறிவித்தார்களே, அப்போது ஈரத்துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு தூங்கியவள். "என் உடம்பு எனக்குத் தெரியாதா தம்பி?" என்பது அவள் அடிக்கடி சொல்லும் வார்த்தை.

தெரியும்தான். ஆனால் அவளுக்குத் தெரிந்தது மூக்கு மட்டும்.

ஒரு நாள் பிரிக்பீல்ட்ஸில் கல்யாண விருந்து. நெய்ச்சோறு, ஆட்டுக்கறிப் பிரட்டல், மறுபடி ஒரு கரண்டி ஆட்டுக்கறிப் பிரட்டல். இரவு பதினொரு மணிக்கு வலது விலாவுக்குக் கீழே பிடித்துக்கொண்டது. வலி முதுகைச் சுற்றி வலது தோள்பட்டை வரை ஏறியது. "வாயு" என்றாள். ஓமத் தண்ணீர் குடித்தாள், தைலம் தேய்த்தாள், கூடவே மஞ்சள் மாத்திரையும் போட்டாள். அந்த மாத்திரை ஆளைத் தூங்கவைக்கும். எழுந்தபோது வலி இல்லை. "பார்த்தியா, செங்கல் சூளை வைத்துப் பேர் வாங்கின ஊர் அது. அங்கே போனாலே தூசு. அலர்ஜி வயிற்றில் இறங்கியிருக்கு" என்று அவளே முடிவுகட்டிவிட்டாள்.

வலி தானாகப் போயிருக்கிறது. புண்ணியம் மாத்திரைக்குப் போய்விட்டது.

வலி வந்த இடம் பித்தப்பை. ஈரலுக்கு அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் சின்னப் பை அது. ஈரல் சுரக்கும் பித்தநீரைச் சேர்த்து வைத்திருக்கும். கொழுப்பு குடலுக்கு வந்ததும் தன்னைப் பிழிந்து அதை வெளியே விடும். அந்தப் பையின் கழுத்தில் ஒரு கல் அடைத்துக்கொண்டால் பிழிந்தும் பயனில்லை. அரை மணியிலிருந்து சில மணி நேரம் வரை வலி உயிரை எடுக்கும். கல் பின்னுக்கு விழுந்துவிட்டால் ஒன்றுமே நடக்காதது போல நின்றுபோகும். அந்த நேரத்தில் நீங்கள் எதைக் குடித்துக்கொண்டிருந்தாலும் அதுதான் அருமருந்து.

இப்படி மூன்று முறை வந்தது. மூன்றாவது முறை முட்டைப் பரோட்டாவுக்குப் பிறகு. உடனே முட்டையும் அலர்ஜிப் பட்டியலில் சேர்ந்தது. அவளைக் குறை சொல்லவும் முடியாது. 1968இல் பிரென்மன் என்ற அமெரிக்க அலர்ஜி மருத்துவரே, பித்தப்பைக் கோளாறு உள்ள 69 பேரிடம் சில உணவுகளை நிறுத்திப் பார்த்து, முட்டை, பன்றி இறைச்சி, வெங்காயம் ஆகியவற்றைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினார். ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு கூட்டத்தை அவர் வைத்துக்கொள்ளவில்லை. அதனால் நான் அதை ஒரு சுவையான செய்தியாக மட்டும் எடுத்துக்கொள்கிறேன். முட்டை மஞ்சள்கருவுக்கு அலர்ஜி தேவையில்லை. பித்தப்பையை நன்றாகச் சுருங்கவைப்பது அது. பித்தப்பை வேலை செய்கிறதா என்று பார்க்க மருத்துவர்களே ஒரு காலத்தில் மஞ்சள்கருவைத்தான் கொடுத்தார்கள்.

நான்காவது முறை இழுத்துக்கொண்டு போனோம். இளம் டாக்டர், பெண். அக்காவின் வலது விலாவுக்குக் கீழே விரல்களை அழுத்தி, "மூச்சை நல்லா உள்ளே இழுங்க அம்மா" என்றார். மூக்கு அடைத்திருந்ததால் அக்கா வாயைத் திறந்து இழுத்தாள். பாதியில் சட்டென்று நின்றது. கண் விரிந்து, என் முழங்கையைப் பிடித்த பிடி இப்போதும் நினைவிருக்கிறது. வீங்கிய பித்தப்பை வந்து விரலில் இடிக்கும்போது மூச்சு அப்படி நிற்கும். சிகாகோ அறுவை மருத்துவர் மர்பியின் பெயரைத் தாங்கிய சோதனை அது. பிறகு ஸ்கேனில் மூன்று கற்கள், ஒவ்வொன்றும் பின்னால் ஒரு கறுப்பு நிழலோடு.

காய்ச்சல், குளிர் நடுக்கம், கண் மஞ்சளித்தல் எதுவும் வரும்வரை காத்திருக்காதது நல்லதாயிற்று என்றார் டாக்டர். நாங்கள் காத்திருந்ததே அதிகம்.

1882இல் பெர்லினில் லாங்கன்புக் முதன்முதலாகப் பித்தப்பையை எடுத்தபோது வயிற்றைத் திறந்துதான் எடுத்தார். அக்காவுக்கு நான்கு சின்னத் துளைகள். வயிற்றை உப்பவைக்க உள்ளே கரியமில வாயுவைச் செலுத்துகிறார்கள். மிச்சம் உள்ளே தங்கி உதரவிதானத்தை உறுத்தினால் தோள்பட்டையில் வலி தெரியும். மறுநாள் தோளைத் தடவியபடி, "டாக்டர், இது என்ன வலி?" என்று கேட்டாள்.

"வாயும்மா" என்றார் டாக்டர்.

அக்கா என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்குத் தெம்பில்லை.

வீட்டுக்கு வந்த பிறகுதான் உண்மையான சோதனை. வயிற்றில் நான்கு தையல், காலை 5.30, மூக்கில் தினவு. தும்மல் வரும்போது தலையணையை வயிற்றோடு இறுக அணைத்துக்கொள்ளச் சொல்லியிருந்தார் நர்ஸ். அணைத்தாள். முதல் தும்மலில் உயிர் போய் வந்தது. அணைத்திருந்தது பத்து வருடத் தலையணை. அடுத்த தும்மலுக்கு அதுவே போதும்.

"தம்பி, கடைக்குப் போறப்ப புதுத் தலையணை ஒண்ணு வாங்கிட்டு வா. மஞ்சள் மாத்திரையும் தீர்ந்துபோச்சு" என்றாள்.