கள்ளுக்கு முதல் உரிமம், பீருக்கு அடுத்தது

குறைந்த போதையுள்ள ஒன்றை நிதானமாக உட்கார்ந்து, என்ன குடிக்கிறோம் என்று தெரிந்து குடிக்கத் தமிழ்நாட்டில் இடமே இல்லை. அதிகப் போதையைச் சீக்கிரமாக ஏற்றிக்கொண்டு கிளம்பத்தான் எல்லா வசதியும் இருக்கிறது. ரொம்ப நாளாக மனதில் கிடந்த எண்ணம் இது. எழுதியே ஆக வேண்டும் என்று தோன்றியது, பெங்களூரில் நண்பனோடு கழிந்த ஒரு சாயங்காலத்தில்.

நான் பாரிவாக்கத்துக்காரன். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பெயின்ட் கம்பெனியின் லேபில் வேலை. பூந்தமல்லியில் என்னோடு ஒரே பெஞ்சில் படித்தவன் இப்போது பெங்களூர்வாசி. "வாடா, பீர் டேஸ்டிங் கூட்டிட்டுப் போறேன். குடிக்கிறதுக்கு இல்ல, ருசி பாக்குறதுக்கு" என்று கூப்பிட்டான். இந்திரா நகர் நூறடி ரோட்டில் 2010 முதல் இருக்கும் டாய்ட் என்ற சிறு பீர் ஆலைக்குப் போனோம். அங்கேயே காய்ச்சி அங்கேயே ஊற்றுகிறார்கள். மரப்பலகையில் குழி வெட்டி, அதில் சின்னச் சின்ன கிளாஸாக ஆறு வகை வந்தது. வெளிர் மஞ்சளில் தொடங்கி டிகாக்‌ஷன் கறுப்பு வரை ஆறும் ஆறு நிறம்.

இரண்டாவது கிளாஸ் கோதுமை பீர். "முதல்ல மோந்து பாரு" என்றான் நண்பன். மோந்ததும் எனக்குச் சட்டென்று எங்கள் லேப் ஞாபகம் வந்தது. நன்றாகப் பழுத்த வாழைப்பழ வாசனை. அதில் பழம் எதுவும் போடுவதில்லை. நொதிக்கும்போது ஈஸ்ட்டே உண்டாக்கும் ஐசோஅமைல் அசிடேட் அது. லாக்கருக்குக் கரைப்பானாகச் சேர்க்கும் அதே பொருள், எங்களுக்கு டப்பாவில் வருவது, இங்கே லிட்டருக்குச் சில மில்லிகிராம் அளவில் ஒரு நல்ல மணமாக நிற்கிறது. பின்னால் வரும் லேசான கிராம்பு வாசனையும் ஈஸ்ட்டின் வேலைதான். இருபது வயதிலிருந்து பீர் என்றால் எனக்குக் கசப்பு, குளிர்ச்சி, கிறுகிறுப்பு, அவ்வளவுதான். பார்லியையோ ஈஸ்ட்டையோ பற்றி யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. இங்கே பரிமாற வந்த பையன் எந்த பீரில் எத்தனை சதவீதம் ஆல்கஹால் என்பதைக் கேட்காமலே சொன்னான்.

அரிசி சேர்த்துக் காய்ச்சிய பாஸ்மதி ப்ளாண்ட் அங்கே பேர்பெற்ற ஒரு வகை. அதைப் பார்த்ததும் எங்கள் தமிழ் வாத்தியார் நடத்திய பெரும்பாணாற்றுப்படை நினைவுக்கு வந்தது. காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையன் மேல் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடியது. அதில் வலைஞர் வீட்டில் அரிசி மது செய்யும் முறை படிப்படியாக வருகிறது. குற்றாத அரிசியைக் களியாகக் காய்ச்சி, வாயகன்ற தட்டில் ஆறவைத்து, நெல்முளையைச் சேர்த்து, இரண்டு பகல் இரண்டு இரவு சாடியில் விளையவிட்டு, விரலால் அலைத்துப் பிழிகிறார்கள். முளைத்த தானியத்திலுள்ள நொதிகள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றும், அந்தச் சர்க்கரை நொதித்து ஆல்கஹால் ஆகும். பீர் ஆலைகளில் மால்ட் என்ற பெயரில் நடப்பதும் இதுதான். தொண்டை நாட்டில், எங்கள் வீட்டு வாசலிலிருந்து பஸ் ஏறிப் போகிற தூரத்தில், அன்றைக்கே இந்தத் தொழில் இருந்திருக்கிறது.

இன்றைக்கு நிலைமை என்ன? அரசின் மது விற்பனை நிறுவனமான டாஸ்மாக் 1983இல் தொடங்கப்பட்டது. 2003இல் சில்லறை விற்பனையும் அதன் கைக்கு வந்தது. 2023-24இல் அரசுக்கு இதனால் வந்த வருமானம் 45,000 கோடி ரூபாய்க்கு மேல். 2023 ஜூனில் 500 கடைகளை மூடிய பிறகும் 4,829 கடைகள் இருந்தன. அங்கே போகிறவர் கேட்பதெல்லாம் இரண்டு கேள்விதான்: கூலிங் இருக்கா? எது நல்லா ஏறும்? இதற்கு அவரை நான் குறை சொல்ல மாட்டேன். விலை ஏறக்குறைய ஒன்றாக இருக்கும்போது யாருமே ஸ்ட்ராங்கைத்தான் வாங்குவார்கள். இந்தியாவில் விற்கும் பீரில் பெரும்பகுதி, 5 முதல் 8 சதவீதம் வரை ஆல்கஹால் உள்ள ஸ்ட்ராங் வகைதான்.

பீராவது பரவாயில்லை. ஒரு குவார்ட்டர் 180 மில்லி, அதில் 42.8 சதவீதம் ஆல்கஹால். கணக்குப் போட்டால் சுத்த ஆல்கஹால் மட்டும் 77 மில்லி வரும். எங்கள் பக்கம் வேலை முடிந்து வருகிற பல பேர் இதைத் தண்ணீர் கலந்து, நின்றபடியே, பத்து நிமிஷத்தில் முடித்துவிட்டு வண்டியை எடுக்கிறார்கள். நானும் நண்பனும் ஆளுக்கு ஆறு சின்ன கிளாஸை இரண்டு மணி நேரம் வைத்து ருசித்தோம். மொத்தமும் அரை லிட்டர் வராது. ஐந்து சதவீதம் என்று வைத்தாலும் ஆல்கஹால் 25 மில்லிக்குள்தான். பிறகு மெட்ரோ ஏறி அவன் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டோம்.

மதுவில் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது என்று உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் சொல்லிவிட்டது. அந்த 25 மில்லியும் மருந்தல்ல, ஒப்புக்கொள்கிறேன். குடியால் வீணான குடும்பங்கள் எங்கள் தெருவிலேயே உண்டு. "இன்னொரு வகை சாராயக் கடையைத் திறக்கச் சொல்றியா?" என்று அந்த வீட்டுப் பெண்கள் என்னைக் கேட்டால் அந்தக் கேள்வி நியாயமானது. ஆனால் இப்போதுள்ள ஏற்பாடு அவர்களுக்கு என்ன காப்பைக் கொடுத்திருக்கிறது? ஐந்து சதவீத அளவில் இருக்கும் கள்ளுக்கு 1987 முதல் தமிழ்நாட்டில் தடை. 42.8 சதவீதச் சரக்குக்கு அரசே கடை. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. கள்ளுக்கடை இருந்திருந்தால் அத்தனை பேரும் பிழைத்திருப்பார்கள் என்று சொல்லும் தைரியம் எனக்கில்லை. ஆனால் கூலிக்காரர் கையிலிருக்கும் காசுக்குச் சட்டப்படி கிடைக்கக்கூடிய லேசான பானம் எதையும் நாம் விட்டுவைக்கவில்லை. இது மறுக்க முடியாத உண்மை.

புனேயில் டூலாலி என்ற சிறு பீர் ஆலை 2009இல் வந்தது. பெங்களூரில் சிறு ஆலைகள் தெருவுக்குத் தெரு. சென்னைக்கும் வேண்டும் என்று ஹோட்டல்காரர்களும் ஐ.டி. இளைஞர்களும் கேட்கிறார்கள். எனக்கும் ஆசைதான். ஆனால் அங்கே ஒரு முழு கிளாஸின் விலை பாரிவாக்கம் சிக்னலில் நிற்கும் ஷேர் ஆட்டோ ஓட்டுநரின் அரைநாள் சம்பாத்தியத்தைத் தொடும். ஓ.எம்.ஆரில் கிராஃப்ட் பீருக்கு உரிமம் கொடுத்துவிட்டு, பனையேறுகிறவர் மேல் வழக்குப் போட்டுக்கொண்டிருந்தால் அது அநியாயம். அந்த வரிசையில் வந்தால் நான் எதிர்ப்பேன்.

பனை நம் மாநில மரம். கலெக்டர் அனுமதி இல்லாமல் வெட்டக் கூடாது என்று 2021இல் வேளாண் நிதிநிலை அறிக்கையில் அறிவித்தார்கள். எங்கள் பக்கத்து ஏரிக்கரைகளில் மிச்சமிருக்கும் பனைகளில் கோடையில் நுங்கு வெட்டுவதற்கு மட்டும்தான் ஆள் ஏறுகிறது. ஏறத் தெரிந்த கிழவர்கள் போய்விட்டால் அடுத்த தலைமுறைக்குக் கற்றுக்கொடுக்க ஆளில்லை. பக்கத்துக் கேரளத்தில் கள்ளுக்கடை உரிமம் பெற்று, கப்பைக்கிழங்கும் மீன்கறியுமாக நடக்கிறது. குடும்பத்தோடு சாப்பிடப் போகிற கடைகள்கூட இருக்கின்றன. அங்கே கலப்படப் புகார் வராமல் இல்லை. அதற்குப் பரிசோதனை இருக்கிறது. என்னைப் போன்ற லேப் ஆட்களுக்கு அது பெரிய வேலையே இல்லை.

அரசிடம் நான் கேட்பது இவ்வளவுதான். கள் தடையை நீக்கி, பனை தென்னை ஏறுகிறவர்களுக்கு முதல் உரிமம் கொடுங்கள். வாரா வாரம் மாதிரி எடுத்துச் சோதியுங்கள், முடிவைக் கடை வாசலில் ஒட்டுங்கள். மதுவுக்கு வரி போடும்போது பாட்டிலின் அளவைப் பார்க்காமல் அதிலுள்ள ஆல்கஹாலின் அளவைப் பாருங்கள். லேசானது விலை குறையட்டும், கடுமையானது ஏறட்டும். அதெல்லாம் நடந்த பிறகு, உட்கார்ந்து சாப்பிட இடமுள்ள, பஸ்ஸோ மெட்ரோவோ எட்டுகிற இடங்களில் மட்டும் சிறு பீர் ஆலைகளுக்கு அனுமதி கொடுங்கள். 1987இல் போட்ட தடையை நீக்குவதற்குச் சட்டமன்றத்தில் ஒரு நாள் போதும்.