மோர்ஸுக்கு எந்த செட்? வாட்டைப் பார்க்காதே, காதைப் பார்!



"தந்தியே போய்ச் சேர்ந்தாச்சு, இன்னும் என்னத்துக்குடா இந்த டிட் டா டிட்?" ஹாம் ரேடியோ என்று யாராவது வாயெடுத்தால் ஹாஸ்டலில் முதலில் வருகிற கேள்வி இதுதான். கேள்வியில் பாதி உண்மை இருக்கிறது. நம் நாட்டில் தந்திச் சேவை 2013 ஜூலையோடு நின்றுபோனது. ஹாம் உரிமத்துக்கு மோர்ஸ் கட்டாயம் என்ற சர்வதேச விதி 2003-ல் நடந்த உலக ரேடியோ மாநாட்டில் எடுக்கப்பட்டது. அமெரிக்கா 2007-ல் தன் தேர்விலிருந்தே மோர்ஸை நீக்கிவிட்டது.

ஆனால் ஒரு ராத்திரி 7 மெகாஹெர்ட்ஸ் பேண்டின் அடிமூலையைத் திருப்பிக் கேட்டுப் பாருங்கள். டிட் டா சத்தம் மொய்த்துக் கிடக்கும்! கட்டாயம் போன பிறகும் ஆசைக்காகச் செய்கிறவர்கள் இவர்கள். காரணமும் எளிது. பேச்சு ஒலிபரப்புக்கு 2,400 ஹெர்ட்ஸ் அகலமாவது வேண்டும். மோர்ஸுக்கு, அதாவது ஹாம்கள் சொல்லும் சி.டபிள்யூ.வுக்கு, 150 ஹெர்ட்ஸ் போதும். இருக்கிற கொஞ்சம் சக்தியையும் ஒரே இடத்தில் குவித்து அனுப்பலாம். டிரான்ஸ்மிட்டரும் எளிமையானது, கேரியரை வெட்டி வெட்டி விட்டால் போதும். கையில் காசு குறைவாகவும் சால்டரிங் அயர்ன் சூடாகவும் இருக்கிற டிப்ளமோ மாணவனுக்கு இதைவிடப் பொருத்தமான ரேடியோ வேறு உண்டா?

இப்போது விஷயத்துக்கு வருவோம். நம் பேரவை நிதியில் ரேடியோ சங்கத்துக்கு செட் வாங்கலாம் என்ற பேச்சு கிளம்பியிருக்கிறது. "வாங்கறதே வாங்கறோம், நூறு வாட் செட்டா ஒண்ணு வாங்கிடலாம்" என்பது ஒரு கட்சி. நான் அந்தக் கட்சி இல்லை. ஏன் என்று சொல்கிறேன்; கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்லுங்கள்.

நூறு வாட் மயக்கம்

செட் வாங்கப் போகிறவர் கேட்கிற முதல் கேள்வி, "எத்தனை வாட்?" ஆம்ப்ளிஃபயர் வாங்கிய பழக்கம்! கணக்குப் போட்டுப் பார்ப்போம். 5 வாட்டுக்கும் 100 வாட்டுக்கும் இருபது மடங்கு வித்தியாசம். கேட்கும்போது மலையளவு. டெசிபலில் பார்த்தால் 13 மட்டும். ரிசீவரின் எஸ்-மீட்டரில் ஒரு புள்ளிக்கு 6 டெசிபல் என்று நம் பாடத்திலேயே இருக்கிறது. ஆக, நூறு வாட்டில் எஸ்-9 என்று கேட்ட நிலையம் ஐந்து வாட்டில் எஸ்-7க்குச் சற்றுக் கீழே கேட்கும். மோர்ஸில் எஸ்-7 என்பது சுகமாக எழுதிக்கொள்ளக்கூடிய சத்தம்.

இன்னொன்று. உன் வாட் உதவுவது எதிராளியின் காதுக்கு. உன் காதுக்கு உதவுவது உன் ரிசீவர். எதிராளி பதில் கொடுப்பதே காதில் விழாவிட்டால் ஆயிரம் வாட் அனுப்பி என்ன பிரயோஜனம்? கோயில் ஸ்பீக்கர் மாதிரி ஊருக்கே கத்திவிட்டு, யார் கூப்பிட்டார்கள் என்றே தெரியாமல் நிற்க வேண்டியதுதான். அதனால்தான் சொல்கிறேன், மோர்ஸ் செட்டை வாட்டால் எடை போடாதீர்கள். காதால் எடை போடுங்கள்.

காதுக்கு வேண்டிய மூன்று

முதலாவது ஃபில்டர். பேச்சுக்கான 2,400 ஹெர்ட்ஸ் ஃபில்டரில் மோர்ஸ் கேட்டால் நாலைந்து நிலையங்கள் ஒன்றாக உள்ளே வரும். சந்தைக்கடையில் நின்று ஒருவன் பேச்சைக் கேட்கிற கதை. அகலத்தை 240 ஹெர்ட்ஸாகக் குறைத்தால் உள்ளே வரும் இரைச்சல் பத்தில் ஒன்றாகிவிடும். அதாவது 10 டெசிபல் லாபம். மேலே நூறு வாட்டுக்குக் கிடைத்த 13 டெசிபலோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு வாட்கூடக் கூட்டாமல், பேட்டரியைத் தொடாமல், கேட்கிற பக்கத்தில் கிடைத்த லாபம் இது.

ஃபில்டர் எந்த இடத்தில் இருக்கிறது என்பதும் முக்கியம். ஆடியோவில் மட்டும் இருந்தால், பக்கத்து அலைவரிசையில் பலமான ஆள் வந்ததும் ஏ.ஜி.சி. அவருக்குப் பயந்து மொத்த ரிசீவரையும் அமுக்கிவிடும். நீங்கள் கேட்டுக்கொண்டிருந்த மெல்லிய நிலையம் காணாமல் போகும். வேண்டாதவரை வாசலிலேயே நிறுத்துவதா, உள்ளே விட்டு இடித்துத் தள்ளிய பிறகு விரட்டுவதா என்பதுதான் வித்தியாசம். பழைய செட் வாங்குகிறவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். யேசு எஃப்.டி.-817 போன்ற செட்டுகளில் 500 ஹெர்ட்ஸ் சி.டபிள்யூ. ஃபில்டர் தனியாக வாங்கிப் பொருத்த வேண்டிய ஒன்று. விற்கிறவர் "எல்லாம் இருக்கு தம்பி" என்பார். மூடியைக் கழற்றி, ஃபில்டர் இருக்கிறதா, இடம் காலியா என்று பார்த்துவிட்டுப் பணத்தை எடுங்கள்.

இரண்டாவது பிரேக்-இன். பாட்டி கதை சொல்லும்போது நாம் "ம்" கொட்டுவோமே, அந்த "ம்" இல்லாவிட்டால் கதை நகராது. மோர்ஸிலும் அப்படித்தான். நிமிடத்துக்கு 20 வார்த்தை வேகத்தில் ஒரு டிட்டின் நீளம் 60 மில்லி விநாடி. (1,200-ஐ வேகத்தால் வகுத்தால் வருவது, லேபில் சரிபார்த்துக் கொள்ளலாம்.) டிட்டுக்கும் டிட்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளியும் அதே 60 மில்லி விநாடிதான். அந்த இடைவெளிக்குள் டிரான்ஸ்மிட்டர் அணைந்து ரிசீவர் திறந்து மீண்டும் மூடினால் அதுதான் முழு பிரேக்-இன். ஹாம் மொழியில் க்யூ.எஸ்.கே. நீங்கள் அனுப்பிக்கொண்டிருக்கும்போதே எதிராளி ஒரு டிட் போட்டு "நிறுத்து, விட்டுப்போச்சு" என்று சொல்லிவிடலாம். பல செட்டுகளில் பிரேக்-இன் என்று எழுதியிருப்பது அரை பிரேக்-இன்தான். ரிலே "டக்" என்று மாறி, அனுப்பி முடித்துக் கொஞ்சம் கழித்தே காது திறக்கும். விலைச்சீட்டைப் படித்தால் போதாது, கீயை அடித்து, நடுவில் பேண்ட் கேட்கிறதா என்று பாருங்கள்.

மூன்றாவது நிலைத்தன்மையும் சுத்தமும். கீயை அழுத்தும்போது அலைவரிசை நழுவினால் "டீ" என்று வரவேண்டியது குருவி கத்துவதுபோல "ட்யூய்" என்று வரும். அதற்குப் பெயர் சர்ப். கேரியர் படாரென்று எழுந்து படாரென்று விழுந்தால் பேண்ட் முழுக்க டக் டக் என்று கிளிக் தெறிக்கும். பக்கத்திலிருக்கிறவர்கள் நம்மைத் திட்டுவார்கள். ஐந்து மில்லி விநாடி அளவில் மெதுவாக ஏறி இறங்குவது நல்ல பழக்கம். அடுத்தது சைட்-டோன். நம் கீயின் ஓசையும் நாம் கேட்க வேண்டிய ஓசையும் ஒரே சுருதியில், 600 அல்லது 700 ஹெர்ட்ஸில் இருந்தால்தான், எதிராளியின் அலைவரிசையில் துல்லியமாக உட்கார முடியும்.

கடைத்தெருவில் என்ன இருக்கிறது?

இந்த மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு செட்டுகளைப் பார்ப்போம்.

மிக மலிவு பிக்ஸி. இரண்டு டிரான்சிஸ்டர், ஒரு எல்.எம்.386, ஒரு கிரிஸ்டல். ஒரு சாயங்காலத்தில் கட்டி முடிக்கலாம். மணக்க மணக்க சால்டர் பண்ணிப் பழகலாம். ஆனால் ஃபில்டர் என்பதே கிடையாது. ராத்திரியில் வானொலி நிலையங்கள் உள்ளே நுழைந்து பாட்டுப் பாடும். சால்டரிங் பழகுவதற்கு இது போதும், பேண்டில் போய் உட்கார இது போதாது.

நம் நாட்டுப் பெருமை பிட்எக்ஸ். ஹைதராபாத்தின் அஷ்ஹர் ஃபர்ஹான் வடிவமைத்தது. டி.வி. பலூன் கோர், குழாய் வாஷர் என்று உள்ளூர்க் கடையில் கிடைப்பதை வைத்தே செட் கட்டலாம் என்று உலகத்துக்குக் காட்டியவர் அவர். பிறகு வந்த மைக்ரோ-பிட்எக்ஸில் எல்லா ஹெச்.எஃப். பேண்டும் உண்டு, சி.டபிள்யூ.வும் உண்டு. ஆனால் கிரிஸ்டல் ஃபில்டர் பேச்சுக்கேற்ற அகலம். மோர்ஸே பிரதானம் என்றால் ஆடியோ ஃபில்டர் ஒன்று கட்டிச் சேர்க்க வேண்டும். பேச்சு, மோர்ஸ் இரண்டும் வேண்டும் என்பவருக்கு நல்ல தேர்வு.

மோர்ஸுக்கென்றே பிறந்தது க்யூ.சி.எக்ஸ். ஹான்ஸ் சம்மர்ஸ் வடிவமைத்து க்யூ.ஆர்.பி. லேப்ஸ் வெளியிட்ட கிட். 2017-ல் இங்கிலாந்தில் கூடிய இளம் ஹாம்களின் முகாமில் கட்டிப் பழகுவதற்காகவே உருவானது. வெளிவந்தபோது விலை 49 டாலர். ஒரே பேண்ட், 5 வாட், 200 ஹெர்ட்ஸ் ஃபில்டர், முழு பிரேக்-இன், உள்ளேயே கீயர். ட்யூன் செய்யத் தேவையான சோதனைக் கருவியும் உள்ளேயே இருக்கிறது. சிக்னல் ஜெனரேட்டருக்கு லேப் அசிஸ்டென்ட்டிடம் கெஞ்ச வேண்டாம்! ஃபைனலில் இருப்பது மூன்று பி.எஸ்.170. புகைந்தாலும் சில்லறைக் காசில் மாற்றிவிடலாம். கஷ்டம் ஒன்றுதான்: ஒரே வளையத்தில் நான்கு தனிச் சுற்றுகள் சுற்ற வேண்டிய ஒரு டிரான்ஸ்ஃபார்மர். பொறுமை இருந்தால் அதுவும் வரும். தபால் செலவும் சுங்க வரியும் தனி என்பதை மறக்காதீர்கள்.

கடைசியாக ராஜா வீட்டுப் பிள்ளை. 2016-ல் வந்த ஐகாம் ஐ.சி.-7300 போன்ற நூறு வாட் செட். குறை சொல்ல மாட்டேன். ஃபில்டரை வேண்டிய அளவுக்குச் சுருக்கலாம், முழு பிரேக்-இன் உண்டு, பேண்ட் முழுவதும் திரையில் தெரியும். ஆனால் இந்த வகை செட் வரியோடு கைக்கு வரும்போது லட்ச ரூபாய்க்குக் குறையாது.

செட்டுக்கு வெளியே இருக்கும் செலவு

செட் விலை மட்டும் விலை இல்லை. நூறு வாட் செட் அனுப்பும்போது 13.8 வோல்ட்டில் சுமார் 20 ஆம்பியர் இழுக்கும். அதற்கான பவர் சப்ளை ஒரு தனிச் செலவு. ஐந்து வாட் க்யூ.சி.எக்ஸ். வகை செட் அரை ஆம்பியருக்குச் சற்று மேல் எடுக்கும்; கேட்கும்போது கால் ஆம்பியர்கூட வேண்டாம். யூ.பி.எஸ்.ஸில் இருக்கிற 12 வோல்ட், 7 ஆம்பியர்-ஹவர் பேட்டரி ஒன்று போதும். கரண்ட் போனாலும் நம் நிலையம் போகாது.

மிச்சமான காசை ஆன்டெனாவில் போடுங்கள். 143-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் அரை அலை டைபோலின் நீளம் மீட்டரில் வரும். 7.03 மெகாஹெர்ட்ஸுக்கு சுமார் 20.3 மீட்டர். ஹாஸ்டல் மொட்டை மாடியில் தாராளமாகக் கட்டலாம். ஈ.பி. கம்பிப் பக்கம் மட்டும் போகவே கூடாது. இடி மின்னல் வந்தால் கழற்றிவிட வேண்டும்.

எதிர்க்கட்சி சொல்வதும் கேட்போம்

"பேண்ட் மோசமா இருக்கிற நாள்ல அஞ்சு வாட்டை வச்சு என்ன பண்ணுவே?" நியாயமான கேள்வி. அந்த நாளில் 13 டெசிபல் பெரிய விஷயம்தான். தூரதேசத்து அபூர்வ நிலையத்தைக் கூட்டத்தில் முண்டிப் பிடிக்க வேண்டும் என்றாலும் வாட் வேண்டும். ஆனால் முதல் வருஷம் மோர்ஸ் பழகுகிறவனுக்கு முண்டுவது வேலையில்லை. கேட்டு எழுதுவதுதான் வேலை.

"ஒரு செட்டில் எல்லாமே இருந்தால் நல்லதுதானே?" தனியாளுக்கு நல்லதுதான். சங்கத்துக்கு? லட்ச ரூபாய் செட் எங்கே இருக்கும்? ஹெச்.ஓ.டி. அறையில், கண்ணாடி அலமாரியில், பூட்டுக்குள்! ஆண்டு விழாவுக்கும் இன்ஸ்பெக்‌ஷனுக்கும் வெளியே வரும். தொட்டால் திட்டு. "கெட்டுப்போச்சுன்னா யாருடா பொறுப்பு?" என்ற கேள்விக்குப் பயந்தே யாரும் கிட்டே போக மாட்டார்கள். மூடியைத் திறந்து பார்க்க முடியாத கருவியால் எலக்ட்ரானிக்ஸ் மாணவனுக்கு என்ன லாபம்? அதே பணத்தில் பத்துச் சின்ன செட் வாங்கினால் பத்து பேர் காயில் சுற்றுவார்கள், பத்து பேர் ஆஸிலாஸ்கோப்பில் கீயிங் அலையைப் பார்ப்பார்கள், பத்து பேருக்கு ரிசீவர் என்றால் என்ன என்று விரலுக்குத் தெரியும்.

உரிமம் முதலில், செட் அப்புறம்

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ஹாம் டிரான்ஸ்மிட்டரைத் தொட மத்திய தொலைத்தொடர்புத் துறையின் உரிமம் வேண்டும். தேர்வு எழுதி, எந்தத் தரத்துக்கு எந்த பேண்ட், எவ்வளவு சக்தி என்று விதியைப் படித்து, உரிமம் கைக்கு வந்த பிறகே செட்டை ஆன் பண்ண வேண்டும். அதுவரை சும்மா இருக்க வேண்டியதில்லை. ஒரு 555 ஐ.சி., ஒரு ஸ்பீக்கர், ஒரு கீ, ஆஸிலேட்டர் ரெடி. எழுத்தைப் புள்ளி கோடாக மனப்பாடம் பண்ணாமல் ஓசையாகப் பழகுங்கள். தினம் பதினைந்து நிமிடம் போதும்.

ஆகவே பேரவைப் பொறுப்பாளர்களுக்கு என் வேண்டுகோள் இது. அலமாரிக்கு ஒரு செட் வாங்காதீர்கள். மாணவர் மேஜைக்குப் பத்து செட் வாங்குங்கள். முதலில் 555 ஆஸிலேட்டர், அடுத்து உரிமத் தேர்வு, பிறகு ஒரு பேண்ட் மோர்ஸ் கிட், மொட்டை மாடியில் ஒரு டைபோல். இந்த வரிசையில் போனால் இரண்டு வருஷத்தில் நம் கல்லூரியில் ஒரு உண்மையான ரேடியோ சங்கம் இருக்கும். நூறு வாட் செட் தேவை என்று அன்றைக்கு அவர்கள் கேட்டால், காதைப் பழக்கியவர்கள் கேட்கிறார்கள் என்று நம்பி வாங்கிக் கொடுக்கலாம்.

சிந்தியுங்கள் நண்பர்களே! பிறகு கீயில் சந்திப்போம்!