தெற்கே பாருங்கள்!

பௌர்ணமி இரவு. அடி அண்ணாமலைச் சாலையிலே அலையலையாய் மக்கள். பதினான்கு கிலோமீட்டர் சுற்று. கால் கடுக்கிறது, ஆனாலும் நடக்கிறார்கள். மலையைப் பார்க்கிறார்கள், மதியைப் பார்க்கிறார்கள். தெற்கு வானத்தைப் பார்ப்போர்தான் அரிதினும் அரிது!

தெற்கே என்ன இருக்கிறது என்கிறீர்களா? வைகாசி, ஆனி மாதங்களில், இரவு பத்து மணி வாக்கில், அடிவானத்துக்குச் சற்று மேலே அருகருகே இரண்டு விண்மீன்கள் தெரியும். முழுநிலவாலும் அவற்றை மறைத்துவிட முடியாது. இடப்பக்கம் இருப்பது ஆல்பா செண்டாரி. கண்ணுக்கு அது ஒன்று; உண்மையில் இரண்டு! ஏறக்குறைய 80 ஆண்டுக்கு ஒரு முறை ஒன்றையொன்று சுற்றிவரும் இரு கதிரவன்கள். இன்றிரவு நம் கண்ணில் படும் அதன் ஒளி, அங்கிருந்து கிளம்பி நாலாண்டுக்கு மேலாகிறது. ஐந்தாம் வகுப்புச் சிறுவன் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த நாளிலே புறப்பட்ட ஒளி அது!

அது இரட்டை என்று முதலில் கண்டது எங்கே? பாரிசிலா? இலண்டனிலா? இல்லை, தோழர்களே! இங்கிருந்து நூறு கிலோமீட்டர் சொச்சம் தொலைவிலுள்ள புதுச்சேரியில்! 1689 டிசம்பரில், வால்மீன் ஒன்றைத் தொலைநோக்கியால் ஆராய்ந்துகொண்டிருந்த ரிஷோ என்ற பிரெஞ்சுக்காரர் கண்டார். நம் வானம், நம் மண்; கண் மட்டும் அயலானுடையது!

அவர் யார்? பகுத்தறிவு பேசியவரா? அல்ல, ஏசு சபைப் பாதிரியார். ஆகவே, குருமார் என்பதாலேயே குறை கூறுவதற்கில்லை. அவரும் வேதம் ஓதியவர்தான். ஆனால் கருவியிலே கண் வைத்தார், கண்டதை எழுதி வைத்தார். நம் ஊர்ப் புரோகிதரோ பட்டப்பகலில் மணப்பந்தலிலே விரல் நீட்டி, "அதோ அருந்ததி" என்றார். மணமகளும் "தெரிகிறது" என்று தலையசைத்தாள். தெரியாததைத் தெரிகிறது என்று சொல்லப் பழக்கியது ஒரு வழி. தெரிந்ததையும் உற்றுப்பார் என்று தூண்டியது மற்றொரு வழி. வளர்ந்தது எது, தளர்ந்தது எது?

நமக்கு அறிவில்லையா? உண்டு! விண்மீன் பார்த்து வலை வீசியவன் தமிழன், விடிவெள்ளி பார்த்து ஏர் பூட்டியவன் தமிழன். அவன் கையிலே கருவியில்லை, ஏட்டிலே குறிப்பில்லை. அதனால் அவன் கண்டது அவனோடு போயிற்று.

இன்று அந்தச் சாக்கு செல்லாது. வடக்கே சவ்வாது மலையில், காவலூரில், 1986-இல் வைணு பாப்பு பெயர் சூட்டப்பெற்ற 2.3 மீட்டர் தொலைநோக்கி இருக்கிறது. பெருமைதான்! ஆனால் மலைமேல் இருக்கும் பெருமை மாணவன் கைக்கு எட்ட வேண்டாமா? அந்த இரட்டையைப் பிரித்துப் பார்க்கச் சிறு தொலைநோக்கியே போதும். திருவிழாவுக்குப் பந்தல் போடுகிறோம், தோரணம் கட்டுகிறோம். வட்டத்துக்கு ஒரு பள்ளியிலாவது ஒரு தொலைநோக்கி வைக்க மனமில்லையா? ஆட்சியாளர் செய்யட்டும், அவர் தயங்கினால் ஊரார் செய்யட்டும்.

ரிஷோ பார்த்த நாள் தொட்டு அந்த இரு கதிரவன்கள் நான்கு முறை சுற்றி முடித்து, ஐந்தாம் சுற்றில் இருக்கின்றன. நாமோ இன்னும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

மலையைச் சுற்றுவோர் சுற்றட்டும். அந்தச் சாலையோரத்திலே ஒரு சிறுவன் கண்ணாடியிலே கண் வைத்து, "அப்பா, ரெண்டு தெரியுது!" என்று கூவட்டும். அவன் சொல்வது உண்மையாக இருக்கும்!